ஒரு தவறும் நான்கு அலுவலகங்களும்

மும்பையின் குர்லா மேற்கில், ஸ்டேஷனிலிருந்து எல்.பி.எஸ். மார்க் வரையுள்ள தெருக்களில் நர்சிங் ஹோம்கள் பெரும்பாலும் மாடியில்தான் இருக்கின்றன. கீழே மருந்துக்கடை, பக்கத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடம், குறுகலான படி ஏறினால் பத்துப் பதினைந்து கட்டில்கள். மாநகராட்சியின் பாபா மருத்துவமனைக் கூட்டத்துக்கு அஞ்சுகிறவர்களும், நோயாளியைச் சயான் மருத்துவமனை வரை கொண்டுபோக வழியில்லாதவர்களும் கடன் வாங்கியாவது இந்தப் படிகளில் ஏறுகிறார்கள். இரவில் ஆர்.எம்.ஓ. எனப்படும் பணி மருத்துவர் ஒருவர், ஒரு சிஸ்டர், உதவிக்கு ஒரு மாவ்ஷி. விடியும்வரை அத்தனை உயிர்களும் இந்த மூவர் பொறுப்பு.

இப்படியோர் இடத்தில் நடக்கக்கூடிய ஒன்றை எண்ணிப் பார்க்கிறேன். எந்த மருத்துவமனையையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் நம் நாட்டில் இன்சுலின் விற்கப்படும் முறையால் எங்கும் நேரக்கூடியது இது. காலில் புண்ணோடு ஒரு பெரியவர் சேர்க்கப்படுகிறார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் 20 யூனிட் என்று மருத்துவர் எழுதுகிறார். எந்த வலிமையுள்ள குப்பி என்று எழுதவில்லை. நம் கடைகளில் இரண்டு வகை கிடைக்கின்றன: மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டது ஒன்று, 100 யூனிட் கொண்டது மற்றொன்று. முதல் வகைக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். மகன் கீழே போய் வாங்கிவந்தது 100 யூனிட் குப்பி. வார்டு இழுப்பறையில் இருப்பதோ சிவப்பு மூடி சிரிஞ்ச் மட்டும். சிஸ்டர் 20 என்ற கோடு வரை சரியாகத்தான் இழுக்கிறார். உள்ளே போவது 50 யூனிட்.

நள்ளிரவுக்குள் பெரியவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது, பேச்சு குழறுகிறது. ஆர்.எம்.ஓ. ஓடிவந்து குளுக்கோஸ் ஏற்றுகிறார். காலையில் பெரியவர் எழுந்து உட்கார்ந்து சாய் குடிக்கிறார். கேஸ் பேப்பரில் 'சர்க்கரை குறைந்தது, குளுக்கோஸ் கொடுக்கப்பட்டது' என்ற ஒரு வரி இருக்கிறது. ஏன் குறைந்தது என்ற கேள்வி அதில் இல்லை. காலை டியூட்டிக்கு வந்த சிஸ்டர் டிரேயை ஒழுங்குபடுத்தும்போது அந்தக் குப்பியையும் அந்தச் சிரிஞ்சையும் சேர்த்துப் பார்க்கிறார். அவருக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து மகள் வந்து கேட்கிறாள்: "சிஸ்டர், ராத்திரி அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

இனி அவர் என்ன செய்ய வேண்டும்? இரவுப் பணியில் இருந்த தோழியின் பெயரை மகாராஷ்டிரா நர்சிங் கவுன்சிலுக்கு எழுதியனுப்ப வேண்டுமா?

ஆள் பிழைத்தாயிற்று, விட்டுவிடு என்று சொல்லத்தான் நமக்கு வரும். அதைச் சொல்கிறவர்களெல்லாம் நெஞ்சில் ஈரமில்லாதவர்கள் அல்லர். ஊசி போட்ட அந்தப் பெண் திருநெல்வேலியிலிருந்தோ கோட்டயத்திலிருந்தோ வந்தவளாக இருப்பாள். வளைகுடாவுக்கோ பிரிட்டனுக்கோ போகும் கனவில், படிப்புக்கு வாங்கிய கடனை அடைத்துக்கொண்டிருப்பாள். வெளிநாடு போகக் கவுன்சில் தரும் நன்னடத்தைச் சான்று வேண்டும். ஒரு புகார் நிலுவையில் இருந்தால் அந்தச் சான்று கையில் கிடைப்பது கடினம். அவளுடைய பத்து வருட உழைப்பை ஒரு கடிதம் நிறுத்திவிடும்.

பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே கனத்தோடு நினைக்க வேண்டும். இழுப்பறையில் சிவப்பு மூடி சிரிஞ்சுகளே இருக்கும். அடுத்த வாரம் வேறொரு மகன் கீழே போய் 100 யூனிட் குப்பி வாங்கி வருவான். அன்றைக்கு ஆர்.எம்.ஓ. தூங்கிக்கொண்டிருக்கலாம். நோயாளி பிழைத்துவிட்டார் என்பதால் தவறு சிறியதாகிவிடாது. பிழைத்தது அவருடைய நல்ல காலம். தவறின் அளவு அப்படியேதான் இருக்கிறது.

சரி, சொல்லிவிடுவது என்றே முடிவு செய்வோம். யாரிடம் சொல்வது? மருத்துவர் முழுதாக எழுதவில்லை என்றால் அது மகாராஷ்டிரா மருத்துவக் கவுன்சிலின் விவகாரம். கடைக்காரர் கேட்காமல் குப்பியைக் கொடுத்தார் என்றால் உணவு மற்றும் மருந்து நிர்வாகம். ஊசி போட்டவர் பற்றி என்றால் நர்சிங் கவுன்சில். ஓரிரவுக்கு ஒரே சிஸ்டர், இழுப்பறையில் ஒரே வகைச் சிரிஞ்ச் என்பது நர்சிங் ஹோமின் குறை. அதற்கு 1949ஆம் ஆண்டின் நர்சிங் ஹோம் பதிவுச் சட்டப்படி உரிமம் தரும் மாநகராட்சியைப் பார்க்க வேண்டும், குர்லாவானால் 'எல்' வார்டு அலுவலகத்தை. ஒரே இரவில் ஒரே கட்டிலருகே நடந்த ஒரே தவறு இப்படி நான்கு அலுவலகங்களுக்குத் துண்டு துண்டாகப் போகிறது. முழுத் தவறையும் ஒரு மேசையில் வைத்துப் பார்க்கும் அலுவலகம் ஒன்றுகூட இல்லை. நடைமுறையில் மருத்துவர், கடைக்காரர், நர்சிங் ஹோம் பற்றிய மூன்று துண்டுகளும் எங்கும் போவதில்லை. கடைசியாகக் குப்பியைத் தொட்ட கை யாருடையதோ அவர் பெயர் மட்டும் போகிறது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான். செவிலியரின் தவறு நேர்ந்தால் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா என்ற கேள்வியை நாம் தனியொரு பெண்ணின் மனசாட்சியில் ஏற்றி வைத்திருக்கிறோம். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்லக்கூடிய இடத்தை நாம் இன்னும் கட்டவில்லை.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நடந்ததை உலகெங்கும் செவிலியர்கள் அறிவார்கள். 2017 டிசம்பர் 26 அன்று வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஸ்கேனுக்குக் கொண்டுபோகப்பட்ட 75 வயது நோயாளிக்குப் பதற்றம் தணிய 'வெர்செட்' என்ற மருந்து எழுதப்பட்டிருந்தது. செவிலியர் ராடொண்டா வாட் மருந்து வழங்கும் இயந்திரத்தில் 'வி', 'இ' என்ற இரண்டு எழுத்துகளைத் தட்டி, அதன் தடையைத் தாண்டி எடுத்தது 'வெக்யூரோனியம்'. மூச்சுத் தசைகள் உட்பட உடலையே முடக்கும் மருந்து அது. மூடியிலேயே எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நோயாளி இறந்தார்.

தவறு தெரிந்ததும் வாட் அதை மறைக்கவில்லை, தாமே சொன்னார். மறைத்தது மருத்துவமனை. அவரை வேலையிலிருந்து நீக்கியது. குடும்பத்தோடு பேசி ஈடு கொடுத்து முடித்தது. மரண விசாரணை அலுவலரிடம் மருந்து மாறியதைச் சொல்லவில்லை. ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும் தெரிவிக்கவில்லை. 2018 அக்டோபரில் பெயர் சொல்லாத ஒருவர் எழுதிய தகவலால்தான் மத்திய அரசின் ஆய்வாளர்கள் உள்ளே வந்தார்கள். மாநிலச் சுகாதாரத் துறை முதலில் நடவடிக்கை தேவையில்லை என்று விட்டது. செய்தி பெரிதானதும் முடிவை மாற்றிக்கொண்டது. 2021 ஜூலையில் வாட்டின் உரிமம் பறிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. மே மாதம் நீதிபதி சிறைக்கு அனுப்பாமல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தார். மருத்துவமனையில் வேறு யார்மீதும் குற்ற வழக்கு இல்லை.

சொன்னவர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். சொல்லாமல் இருந்த நிர்வாகம் திருத்தத் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறியது. வாட்டின் கவனமின்மை சிறியதல்ல, நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு பெண்மணி அசையவும் முடியாமல், மூச்சுவிடவும் முடியாமல் இறந்திருக்கிறார். ஆனால் அந்த வழக்கு ஆயிரக்கணக்கான செவிலியர்களுக்கு ஒரே பாடத்தைத்தான் சொன்னது: வாயைத் திறக்காதே. அந்தப் பாடத்தால் எத்தனை நோயாளிகள் பாதிக்கப்படுவார்கள் என்பதை எந்த நீதிமன்றமும் கணக்கெடுக்க முடியாது.

நம்முடைய உச்ச நீதிமன்றம் 1998 மார்ச்சில் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் வேறு மாதிரிப் பார்த்தது. 1993 டிசம்பரில் அந்த மருத்துவமனையில் டைபாய்டு காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட சிறுவனுக்குக் குளோராம்பெனிகால் போக வேண்டியிருந்தது. நரம்பு வழியே போனதோ லாரியாகோ என்ற குளோரோகுயின். மூளை மீளாதபடி சேதமடைந்தது. ஊசியைத் தாம் போட வேண்டிய மருத்துவர் அதைச் செவிலியரிடம் விட்டிருந்தார். அந்தச் செவிலியரோ தகுதி பெறாதவர், எந்த மாநில நர்சிங் கவுன்சிலிலும் பதிவு இல்லாதவர். நீதிமன்றம் ஊசி போட்டவரோடு நிற்காமல், அவரை அந்தக் கட்டிலருகே நிறுத்திய மருத்துவமனையைப் பொறுப்பாக்கியது. சிறுவனுக்கு 12.5 லட்சம் ரூபாயும் பெற்றோருக்கு 5 லட்சமும் தர வேண்டும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை உறுதி செய்தது.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. அந்தச் சிறுவனின் பெற்றோர் நர்சிங் கவுன்சிலுக்குப் புகார் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பதிவேட்டில் இல்லாத பெயரை எந்தக் கவுன்சில் நீக்கும்? 2022 ஜனவரியில் குர்லாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கோவண்டி பைங்கன்வாடியில் ஒரு சிறிய மருத்துவமனையில் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வேறொரு நோயாளிக்கு உரிய ஊசியைக் குழந்தைக்குப் போட்டது அங்கே துப்புரவு வேலை பார்த்த 17 வயதுப் பெண் என்றது காவல்துறையின் வழக்கு. மருத்துவமனை நடத்தியவரும் மருத்துவரும் செவிலியரும் அந்த வழக்கில் சேர்க்கப்பட்டார்கள். அந்தப் பெண்ணின் பெயரும் எந்தப் பதிவேட்டிலும் இருந்திருக்க முடியாது.

ஆகவே கவுன்சிலின் கை எட்டுவது முறையாகப் படித்து, முறையாகப் பதிந்து, முறையாக வேலைக்கு வந்தவரை மட்டும்தான். மிகப் பெரிய ஆபத்து இருப்பது அதற்கு வெளியே. சம்பளத்தை மிச்சப்படுத்தப் பத்தாவது படித்த பெண்ணுக்கு வெள்ளைக் கோட் மாட்டிவிடும் முதலாளியின் தீர்மானம் அது. அந்தத் தீர்மானத்தைப் பற்றித் தெரிந்தும் பேசாமல் இருப்பவர் யாராக இருந்தாலும் அவர்மேல் எனக்குப் பரிவு இல்லை. இங்கே தயக்கத்துக்கு இடமே இல்லை. பதிவில்லாத கை ஊசி போடுகிறது என்றால் வார்டு அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும்.

பதிவுபெற்ற, நேர்மையான செவிலியரிடம் திரும்பி வருவோம். அவருடைய பயம் கற்பனையல்ல. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது அப்படிச் செய்தால் இரண்டாண்டு வரை. பதிவுபெற்ற மருத்துவர் என்றால் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்படி பதிவேட்டில் உள்ளவர் என்று அந்தப் பிரிவே விளக்கம் சொல்கிறது. செவிலியர் அதில் வரமாட்டார். ஒரே கட்டிலருகே நின்ற இருவரில், மருந்தை எழுதியவருக்கு அதிகபட்சம் இரண்டாண்டு, போட்டவருக்கு ஐந்தாண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஏ பிரிவு எல்லோருக்கும் இரண்டாண்டு என்றுதான் வைத்திருந்தது. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவரைக் குற்ற வழக்கில் சேர்க்கக் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும், சுதந்திரமான மருத்துவ நிபுணரின் கருத்தைக் கேட்காமல் போலீஸ் அவசரப்படக் கூடாது என்று வரம்பு கட்டியது. அந்த வரம்பு தங்களுக்கும் காவலாக நிற்கும் என்று நம்பி உறங்கும் செவிலியர் எத்தனை பேர் இருப்பார்கள்?

இத்தனைக்கும் அவரை அந்த நிலையில் நிறுத்தியது அவருடைய விருப்பமல்ல. பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். ஐம்பது கட்டிலுக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2016இல் அமைக்கப்பட்ட குழு பரிந்துரைத்தது. இந்த இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு நம் தெரு நர்சிங் ஹோமின் படியேறி விசாரித்துப் பார்த்தால், தவறு எந்த மாதம் எந்த மேசையில் தொடங்கியது என்று தெரிந்துவிடும்.

சொல்வதால் என்ன விளையும் என்பதற்கும், சொன்னவரைக் கைவிட்டால் என்ன விளையும் என்பதற்கும் தமிழகத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு ஏற்றப்பட்ட ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. சிவகாசி ரத்த வங்கியின் சோதனையில் அது சிக்கவில்லை. வெளியே தெரிய வந்தது எந்த அதிகாரியின் ஆய்வாலும் அல்ல. ரத்தம் கொடுத்த 19 வயது இளைஞர், வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்து, தாமே போய் மருத்துவமனையில் சொன்னார். அவர் சொன்னதால் அந்தப் பெண்ணுக்கு உரிய நேரத்தில் சிகிச்சை தொடங்கியது. அடுத்த ஜனவரியில் பிறந்த குழந்தை தொற்றிலிருந்து தப்பியது. அந்த இளைஞரோ டிசம்பர் முடிவதற்குள் விஷம் அருந்தி இறந்துபோனார். ரத்தத்தைச் சோதிக்க வேண்டிய பொறுப்பு அவருடையதல்ல. உண்மையைச் சொன்னது மட்டும் அவர் செய்தது. அவர் தோளில் கைபோட்டுத் தாங்க ஓர் அமைப்பு இருந்திருக்க வேண்டும். இல்லை.

இந்த இடத்தில் நின்றுதான் என் முடிவைச் சொல்ல முடிகிறது. தவறு நேர்ந்தால் முதலில் தெரிய வேண்டியவர் நோயாளி. அதில் பேரம் இல்லை. மகள் கேட்டபோது, "மருந்தின் அளவு கூடிப்போச்சும்மா, அதனாலதான் சர்க்கரை இறங்குச்சு, இனிமே இப்படி நடக்காம என்ன செய்யப் போறோம்னு சொல்றோம்" என்று சொல்ல மருத்துவரும் சிஸ்டர் இன்சார்ஜும் சேர்ந்து போக வேண்டும். கேஸ் பேப்பரில் காரணம் எழுதப்பட வேண்டும். இதைச் செய்ய எந்தக் கவுன்சிலின் அனுமதியும் வேண்டாம். அதைக் கேட்டு அந்தக் குடும்பம் நீதிமன்றம் போக நினைத்தால் அது அவர்கள் உரிமை. அந்த உரிமையைக் காப்பாற்றுவதும் செவிலியத்தின் கடமைதான்.

கவுன்சிலுக்குப் பெயர் போக வேண்டிய நிலைமைகளும் உண்டு. கேஸ் பேப்பரைத் திருத்தியவர், குப்பியை ஒளித்தவர், எச்சரித்த பிறகும் அதே அலட்சியத்தைத் தொடர்ந்தவர், போதையில் பணிக்கு வந்தவர், இன்னொருவர் தலையில் பழியைப் போட்டவர், இவர்களைப் பற்றி எழுதத் தயங்கவே கூடாது. தோழமை என்ற பெயரில் இவர்களைக் காப்பது நோயாளிக்கு இழைக்கும் துரோகம். பிரித்துச் சொல்வதற்கான அளவுகோல், என்னைப் பொறுத்தவரை, நோயாளிக்கு விளைந்த சேதத்தின் அளவில் இல்லை. ஒரே தவறு ஓர் இரவில் உயிரைப் பறிக்கும், மற்றோர் இரவில் தடயமின்றிக் கடந்துபோகும். தவறு தெரிந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய தகுதி தெரிகிறது. தெரிந்த கணமே கத்திக் கூப்பிட்டவரை வேலையில் வைத்துக்கொண்டு அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். மறைத்தவரைத்தான் பதிவேடு விலக்க வேண்டும்.

நேர்மையான தவறை எங்கே எழுதுவது? தேசியத் தரச்சான்று பெற்ற பெரிய மருத்துவமனைகளில் இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதும் நடைமுறை இருக்கிறது. சிறிய நர்சிங் ஹோம் பலவற்றுக்கு அந்தச் சான்றே கிடையாது. மருந்தால் நேரும் பாதகங்களைத் தெரிவிக்க 2010 முதல் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இயங்குகிறது. 1800-180-3024 என்ற எண்ணில் நோயாளியும் அழைக்கலாம், செவிலியரும் அழைக்கலாம். அந்தப் படிவத்தைக் கொடுப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது என்று படிவமே சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் கண் மருந்தின்மேல் இருக்கிறது. ஓரிரவுக்கு ஒரே சிஸ்டர் என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

டென்மார்க்கில் 2004இல் ஒரு சட்டம் நடப்புக்கு வந்தது. மருத்துவமனைப் பணியாளர் தவறைத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவித்ததற்காக அவரை முதலாளியோ அரசோ நீதிமன்றமோ தண்டிக்க முடியாது. நோயாளியின் புகாருக்கு வேறு வழி தனியாக இருக்கிறது. கற்றுக்கொள்வதற்கான கதவும் நியாயம் கேட்பதற்கான கதவும் தனித்தனியே திறந்திருக்கின்றன. நம்மிடம் 2023இல் தேசிய நர்சிங் மற்றும் மருத்துவச்சி ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. அறநெறிக்கும் பதிவுக்கும் ஒரு வாரியத்தை அது அமைக்கிறது. நாம் வாய்திறந்து கேட்காவிட்டால் அதுவும் பெயர் நீக்கும் மேசையாக மட்டுமே நின்றுவிடும்.

பெரிய சட்டங்களுக்குக் காத்திராமல் மும்பை மாநகராட்சியே தொடங்கலாம். நர்சிங் ஹோம் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, இரவில் எத்தனை பதிவுபெற்ற செவிலியர் என்று கேட்பதோடு, தவறுகளை எழுதும் பதிவேடு இருக்கிறதா, அதில் கடந்த ஆண்டு என்ன எழுதப்பட்டது என்றும் கேட்கட்டும். ஒரு வருடம் முழுக்க ஒரு தவறும் எழுதப்படாத பதிவேடு இருந்தால் அங்கேதான் முதலில் ஆய்வாளர் படியேற வேண்டும்.

நோயாளியின் உறவினர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. விஷயம் வெளிவந்ததும் கண்ணாடியை உடைத்து, பணியில் இருந்த பெண்ணின் மேல் கை வைத்து, அவள் படத்தைத் தொலைபேசியில் பரப்புகிற கூட்டத்தில் நாம் நிற்கிறோம். அந்தக் கூட்டம் ஒவ்வொரு முறை திரளும்போதும் ஊர் முழுவதும் நூறு கேஸ் பேப்பர்களில் உண்மை எழுதப்படாமல் போகிறது. கேட்க வேண்டியதைக் கடுமையாகவே கேட்போம், விடாமல் கேட்போம். அன்றிரவு எத்தனை நோயாளிக்கு எத்தனை சிஸ்டர் இருந்தார்கள், மருந்துச்சீட்டில் என்ன எழுதியிருந்தது, கடையில் என்ன கொடுத்தார்கள், இதற்கு முன் இங்கே இப்படி நடந்திருக்கிறதா என்று முதலாளியின் மேசைக்கு முன் நின்று கேட்போம். உண்மையைச் சொன்ன செவிலியரை அந்த மேசைக்கு எதிர்ப்புறம் நிறுத்தாமல் நம் பக்கம் நிறுத்திக்கொண்டு கேட்போம். அப்படி நாம் கேட்கத் தொடங்கினால், தெரிவிக்கலாமா வேண்டாமா என்ற கேள்வியோடு எந்தச் செவிலியரும் தனியே விடியலைப் பார்க்க வேண்டியிருக்காது.